பழுது பார்த்தபின் பிணங்கும் சிறு எஞ்சின்

முன்னுரை

மனிதன் தன் உடல்வலிக்கு எட்டாத வேலைகளை முடித்தற்பொருட்டு அமைத்துக்கொண்ட யந்திரங்களுள் சிறு பெட்ரோல் எஞ்சின் மிகவும் அடக்கமானது. ரயில் எஞ்சினைப்போல் அது நம்மை வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஆகாய விமானத்தைப்போல் அது எவராலும் புகழப்படுவதுமில்லை. ஆயினும் வயலுக்கு நீர் இறைப்பதும், பயிருக்கு மருந்து தெளிப்பதும், மின்சாரம் நின்றபொழுது கடைக்கு விளக்கேற்றுவதும், கல்யாண மண்டபத்துக் கம்பளங்களைத் துப்புரவு செய்யும் கருவியைச் சுழற்றுவதும் அதுவே. அதனை நம்பி அன்றன்றைய கூலியை ஈட்டுவோர் பலர். அது ஒரு நாள் நின்றால் அவர்தம் அடுப்பும் அன்று தயங்கியே எரியும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கே, ஆந்திர எல்லையை அடுத்து, ஆர்.கே.பேட்டை என்று வழங்கும் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை உள்ளது. அவ்வூரிலும் அதனை அடுத்த அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களிலும் நெசவே பலருக்குத் தொழில். ஊரைச் சூழ்ந்து கழனிகளும் தோட்டங்களும் உள்ளன. மாவட்டத்தின் வடகிழக்கிலோ கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பெரிய ஆலைகளோடு விளங்குகின்றது. இவ்விரண்டு பகுதிகளும் தம்முள் எவ்வளவு வேறுபட்டிருப்பினும், சிறு எஞ்சினைப் பயன்படுத்துவதில் ஒன்றுபடுகின்றன. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நேர்ந்த காலத்தில், சிறு ஜெனரேட்டரின் ஓசை கேளாத கடைத்தெரு அரிதாயிருந்ததை நம்மிற் பலர் அறிவர்.

எஞ்சின் பழுதுறுவது இயல்பு. அதனைப் பழுது பார்ப்போர் எவ்வூரிலும் உளர். ஆனால், பழுது பார்த்துக் கொணர்ந்த எஞ்சின் மறுநாளே மீண்டும் பிணங்கினால் யாது செய்வது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். இது பட்டறைக்கு மட்டும் உரிய வினா என்று மாணவர்கள் எண்ணி ஒதுக்கலாகாது. காரியத்தைக் கண்டு காரணத்தை உணரும் முறை, தர்க்க நூலுக்கும் மருத்துவத்துக்கும் இரசாயன சாலைக்கும் எவ்வாறு பொதுவோ, அவ்வாறே எண்ணெய்க்கறை படிந்த பட்டறைக்கும் பொதுவாம்.

கம்பளமும் எஞ்சினும்

கம்பளத்தைத் துப்புரவு செய்வதற்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு 100 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இங்கிலாந்து தேசத்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் எஞ்சினீயர் இருந்தார். பாலங்கள் அமைப்பதில் வல்லவர். தூசியை ஊதித் தள்ளும் கருவிகள் அக்காலத்தில் இருந்தன. ஊதப்பட்ட தூசி அறை முழுதும் பறந்து மறுபடியும் கம்பளத்திலேயே படிந்தது. ஊதுவதற்கு மாறாகக் காற்றை உறிஞ்சி, இடையிலே ஒரு துணியால் தூசியைத் தடுத்துவிட்டால் என்ன என்று பூத் சிந்தித்தார். 1901-ஆம் ஆண்டில் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவி ஒரு வண்டியளவு பெரியது. குதிரைகள் அதனை இழுத்துச் சென்று வீட்டின் வாயிலிலே நிறுத்தும். எஞ்சின் தெருவிலேயே ஓடும். நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியே உட்சென்று கம்பளங்களின் தூசியை உறிஞ்சும். 1902-ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னர், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்கள் இக்கருவியினாலேயே துப்புரவு செய்யப்பெற்றன.

இந்நாளில் வண்டியில் ஏற்றிச் செல்லும் கம்பளத் துப்புரவு யந்திரமும் அடிப்படையில் பூத் அமைத்ததன் வழித்தோன்றலே. அதன் உறுப்புக்களை மாணவர் முதலில் அறிதல் வேண்டும். நடுவில் எஞ்சின், அதனோடு பெல்ட்டினாலோ நேர் இணைப்பினாலோ பூட்டப்பட்ட புளோயர், அது காற்றை உறிஞ்சுவது. வெந்நீரையும் சோப்புக் கரைசலையும் அழுத்தத்தோடு கம்பளத்தினுள் செலுத்துவது ஒரு பம்பு. அழுக்கு நீர் திரும்பி வந்து தங்குவதற்கு ஒரு தொட்டி. சிலவற்றில் எஞ்சினின் புகைபோக்கி வெப்பத்தைக்கொண்டே நீரைச் சூடாக்கும் அமைப்பும் உண்டு. ஆக, எஞ்சின் ஒன்று. அதன் தோள்மேல் ஏறியிருக்கும் சுமைகளோ பல. இதனை மறவாது நெஞ்சிற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். என்னையெனின், சுமையின் குற்றத்தை எஞ்சினின் குற்றமாகக் கருதுவதே இத்துறையில் நிகழும் பிழைகளுள் முதலாவது.

எஞ்சின் வேண்டுவன நான்கு

சிறு எஞ்சின்களிற் பெரும்பாலானவை நான்கு வீச்சு உடையன. இம்முறையிலே ஓடும் எஞ்சினை ஜெர்மனி தேசத்து நிக்கொலாஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் சிலிண்டருக்குள் புகும். மேலேறும்போது அக்கலவை அழுத்தப்படும். தக்க கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறியைக் கக்க, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் மேலேறும்போது எரிந்த புகை வெளியேறும். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் இந்நிகழ்ச்சி வினாடிக்கு 25 முறை நடைபெறுகின்றது என்றால், ஒரு சிறு தவறும் எவ்வளவு விரைவிற் பெருகும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

இதனால், எஞ்சின் ஓடுதற்கு வேண்டுவன நான்கே என்பது பெறப்படும். முதலாவது, காற்றும் எண்ணெயும் தக்க அளவிற் கலந்த கலவை. தூய பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடையளவில் 1 பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும். இரண்டாவது, அழுத்தம், உட்கொண்ட கலவையை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இடத்தில் அடக்க வேண்டும். மூன்றாவது, வலிய பொறி. நான்காவது, அப்பொறி உரிய நேரத்தில் நிகழ்தல். இந்நான்கும் இருப்பின் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையெனின் நான்கில் ஒன்று குறைவுற்றிருத்தல் வேண்டும். இந்நான்கனுள் எது குறைவு என்பதைப் பரீட்சையால் தெளியாமல், தோன்றிய உறுப்பையெல்லாம் விலைகொடுத்து மாற்றுதல், நோய் இன்னதென்று அறியாமல் கடையிலுள்ள மருந்தையெல்லாம் ஊட்டுவதை ஒக்கும்.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

பழுது பார்த்தபின் எஞ்சின் பிணங்கினால், திருப்புளியைக் கையில் எடுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்.

முதல் வினா: இப்பொழுது காணும் குறை பழைய குறையேயா, புதியதா? பழைய குறையே மாறாதிருப்பின், செய்த பழுதுபார்ப்பு தவறன்று. நோயைக் கணித்ததே தவறு. எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடுகிறது என்று கார்பரேட்டரைக் கழுவினார்கள். கழுவிய பின்னும் சூடேறியதும் நிற்கின்றது எனின், குற்றம் கார்பரேட்டரில் இல்லை என்ற ஓர் உண்மையையேனும் நாம் ஈட்டிக்கொண்டோம். அவ்வளவில் செலவு வீணன்று.

இரண்டாம் வினா: குறை புதியதாயின், பழுது பார்க்கும்போது எவ்வெவ்வுறுப்புக்கள் கழற்றப்பட்டன? நேற்றுவரை இல்லாத குற்றம் இன்று தோன்றுமாயின், நேற்றுக் கை பட்ட இடத்தையே முதலில் ஐயுறுதல் முறை. கழற்றப்பட்ட உறுப்பை மட்டுமன்றி, அதனைக் கழற்றுதற்பொருட்டு விலக்கப்பட்ட உறுப்புக்களையும் நினைவு கூர்தல் வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றியவர் காஸ்கட்டையும், கவர்னரின் கம்பியையும், எண்ணெய்க் குழாயையும், காற்று வடிகட்டியையும் தொட்டே இருப்பார்.

மூன்றாம் வினா: எஞ்சின் சில நாள் செவ்வையாக ஓடிப் பின்னர்ப் பழைய குறையையே மீண்டும் காட்டுகின்றதா? அவ்வாறாயின் காரியம் நீக்கப்பட்டது, காரணம் நீக்கப்படவில்லை. தொட்டியின் அடியில் துருவும் மண்டியும் கிடக்க, கார்பரேட்டரை மட்டும் கழுவினால், அம்மண்டி மறுபடியும் வந்து துவாரத்தை அடைப்பது திண்ணம்.

இம்மூன்று வினாக்களோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் பழமொழி. பழுது பார்த்தபின் நிகழ்ந்தமையாலேயே ஒரு குறை பழுது பார்த்தவராலே நிகழ்ந்தது என்று துணிதல் கூடாது. அவர் கை பட்ட இடத்தை முதலில் நோக்குவது எளிமை கருதியேயன்றி, அவர்மேல் குற்றம் சாட்டுதற்கன்று. பரீட்சை தீர்ப்புச் சொல்லும்வரை ஐயம் ஐயமாகவே நிற்கட்டும்.

கை பட்ட இடங்களில் நேரும் பிழைகள்

இனி, எவ்வெவ்வேலையின் பின்னர் எவ்வெக்குறை தோன்றும் என்பதைச் சற்று விரித்துரைப்போம்.

கார்பரேட்டரைக் கழற்றி மாட்டிய பின்னர் எஞ்சினின் வேகம் ஏறியும் இறங்கியும் அலைபாயுமாயின், கலவையில் எண்ணெய் குறைந்து காற்று மிகுந்துள்ளது என்று கருதலாம். கவர்னர் என்னும் உறுப்பு வேகம் குறையும்போதெல்லாம் வாயிலைத் திறக்கும், மிகும்போதெல்லாம் மூடும். கலவை வலுவற்றிருந்தால் அது திறப்பதும் மூடுவதுமாகத் தத்தளிக்கும். காஸ்கட் கிழிந்தோ திரும்பி அமைந்தோ இருத்தலும், சிறு துவாரம் ஒன்றில் அழுக்கு எஞ்சியிருத்தலும், மரையாணி தளர்ந்திருத்தலும் இதற்குக் காரணங்கள். காஸ்கட்டுக்கு முன்பின் உண்டு. அதிலுள்ள சிறு துளை உரிய வழிக்கு நேராக அமையாவிடின் வழியே அடைபட்டுப்போம்.

கவர்னரின் சுருட்கம்பியை முன்னிருந்த துளையை விட்டு வேறு துளையில் மாட்டிவிட்டால், வேகம் அலையலாம். அன்றி, அளவு கடந்து ஏறவும் கூடும். பின்னது மிகவும் அபாயகரமானது. வேகம் ஏற ஏற உட்கருவிகளின்மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டே கால் மடங்காகும். இதனால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறிந்து எஞ்சினே அழிவதுண்டு. ஆதலின் பழுது பார்த்த எஞ்சினை முதன்முறை ஓட்டுங்கால் நிறுத்தும் விசையின்மீது ஒரு கை இருத்தல் நன்று.

ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், அதன் திறவு போன்ற சிறு உலோகத் துண்டை நோக்குதல் வேண்டும். சக்கரத்தையும் தண்டையும் ஒரே நிலையில் நிறுத்துவது அத்துண்டே. நட்டு போதிய இறுக்கம் பெறாவிடின் அத்துண்டு நெரிந்து சக்கரம் சிறிது திரும்பிவிடும். அப்பொழுது பொறி வலிமையோடே தோன்றும். ஆனால் நேரம் தவறித் தோன்றும். கயிற்றை இழுப்பவரின் கையை எஞ்சின் வெடுக்கெனப் பின்னுக்கு இழுத்தலும், கார்பரேட்டரின் வழியே வெடித்தலும் இதன் அறிகுறிகள். பொறி இருக்கின்றதே என்று மயங்கி, கலவையைத் தேடிக் காலம் போக்குவோர் பலர். பொறியும் நேரமும் தனித்தனியே எண்ணப்படுதல் இதன்பொருட்டே.

சிலிண்டரின் தலையைத் திறந்து வால்வுகளைச் சீர் செய்திருந்தால், வால்வின் இடைவெளியை அளந்தறிதல் வேண்டும். அது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும். சரியான அளவு அவ்வவ்வெஞ்சினின் கைப்புத்தகத்திற் காணப்படும். இடைவெளி மிகக் குறைந்திருப்பின், சூட்டினால் உலோகம் நீள, வால்வு முழுதும் மூடாது. குளிர்ந்தபோது எளிதிற் கிளம்பும் எஞ்சின், சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் கிளம்பாது. இடைவெளி மிகுந்திருப்பினோ, கிளப்புதல் எளிதாகும்பொருட்டு அழுத்தத்தைச் சிறிது கசியவிடும் ஏற்பாடு பயன்படாமற்போய், கயிற்றை இழுப்பதே கடினமாகும். தலையின் மரையாணிகளைச் சுற்றுவரிசையில் இறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். இன்றேல் தலை கோணி அழுத்தம் கசியும்.

எஞ்சினைச் சாய்த்து வேலை செய்திருந்தால் உயவெண்ணெய் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் புகுந்திருக்கலாம். அப்பொழுது நீலம் பாய்ந்த வெண்புகை சிறிது நேரம் எழுந்து தானே அடங்கும், அஞ்சவேண்டியதில்லை. ஆனால் கயிறு சற்றும் இழுபடாவிடின் வலிந்து இழுத்தல் ஆகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு மெல்ல இழுத்தால், புகுந்த எண்ணெய் வெளியேறும். உயவெண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் புகை தோன்றும். குறைந்தாலோ, சில எஞ்சின்களிலுள்ள காவற்கருவி பொறியை நிறுத்திவிடும். யந்திரத்தைச் சரிவான தரையில் நிறுத்தினாலும் அக்காவற்கருவி ஏமாந்து எஞ்சினை நிறுத்துவதுண்டு. ஒரு பலகையை அடிக்கொடுத்துச் சமன் செய்தால் தீரும் குறைக்குப் பொறிச் சுருளையே மாற்றிப் பணத்தை இழத்தல் பரிதாபமன்றோ!

புகையின் நிறமும் ஒரு மொழியே. கரும்புகை எண்ணெய் மிகுந்த கலவையைக் காட்டும்; சோக் மூடியே இருத்தலும், வடிகட்டி அடைபட்டிருத்தலும் அதற்குக் காரணம். நீலப்புகை உயவெண்ணெய் எரிவதைக் காட்டும். நெசவூர்களில் பறக்கும் பஞ்சுத்தூசி வடிகட்டியை விரைவில் அடைப்பதோடு, சிலிண்டரைக் குளிரச் செய்யும் உலோக இதழ்களின் இடையிலும் கம்பளிப்போர்வைபோற் படியும். கம்பளத் துப்புரவு யந்திரத்துக்கும் இதே துன்பம் உண்டு. கம்பளத்திலிருந்து வரும் இழைகளே அங்குப் பகை. எஞ்சினின் உட்பகுதியை அழகுறச் சீர் செய்துவிட்டு இதழ்களின் இடையே படிந்த பஞ்சை நீக்காது விட்டவர், நோயாளிக்கு மருந்தளித்து அவன் மூக்கை அடைத்தவர் ஆவர்.

எண்ணெயின் தன்மை மாறியிருப்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். நம் நாட்டில் பெட்ரோலோடு 100-க்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை 2025-ஆம் ஆண்டில் எய்தப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. நெடுநாள் தொட்டியிற் கிடந்த கலவை போதிய நீரை ஏற்றபின், எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். கார்பரேட்டர் முதலில் உறிஞ்சுவது அவ்வடியையே. பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களையும் அது நெகிழ்விக்கக்கூடும். எனவே, நெடுநாள் பட்டறையிற் கிடந்து மீண்ட எஞ்சின் பிணங்கினால், வேறெதையும் தொடுமுன் பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெயை ஊற்றிப் பார்ப்பதே சிக்கனமான பரீட்சை.

ஓர் எடுத்துக்காட்டு

மேலே கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு கம்பளத் துப்புரவு யந்திரத்தைக் கற்பித்துக்கொள்வோம். கிளம்புவதில் தொல்லை தந்த அதனைப் பட்டறையில் கொடுத்தார்கள், கார்பரேட்டர் கழுவப்பட்டது, தேய்ந்த பெல்ட் மாற்றப்பட்டது. இப்பொழுது எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்புகின்றது. ஆனால் புளோயரின்மேல் சுமை ஏறியதும் திணறி, சில நிமிடங்களில் நின்றுவிடுகின்றது.

குறை புதியது, ஆகவே இரண்டாம் வினாவுக்கு உரியது. கை பட்ட இடங்கள் கார்பரேட்டரும் பெல்ட்டும். முதலில் எஞ்சினையும் சுமையையும் பிரித்தறிதல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியை விலக்கியபின், பெல்ட்டைக் கழற்றிப் புளோயரைக் கையாற் சுழற்றிப் பார்க்க. அது தடையின்றிச் சுழன்றால் நன்று. இறுகியிருந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை. அழுக்கு நீர் புளோயருக்குள் புகுந்து துருப்பிடித்தலும், புதிய பெல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கித் தாங்கிகளை நெருக்குதலும் உண்டு. இவ்வெடுத்துக்காட்டிலே புளோயர் எளிதிற் சுழல்கின்றது என்று கொள்வோம்.

பின்னர் மீண்டும் பெல்ட்டைப் பூட்டி, காவலுறையையும் மாட்டி, எஞ்சினை ஓட்டுக. அது திணறும்போது சோக்கைச் சிறிது மூடிப் பார்க்க. சோக்கை மூடினால் காற்று குறைந்து எண்ணெயின் பங்கு மிகும். அதனால் எஞ்சின் தெளிந்து ஓடுமாயின், கலவையில் எண்ணெய் போதவில்லை என்பது உறுதி. மேலும் திணறுமாயின், எண்ணெய் குறைவு அதன் காரணமன்று. நம் எஞ்சின் தெளிந்து ஓடுகின்றது.

எண்ணெய் ஏன் போதவில்லை? வழிகள் மூன்று: தொட்டியிலிருந்து வருவது குறைவு, கார்பரேட்டரின் துவாரம் அடைப்பு, அல்லது இடையிலே காற்று கசிந்து புகுதல். திணறும் அக்கணத்தில் தொட்டியின் மூடியைத் தளர்த்திப் பார்ப்பது முதற்பரீட்சை. மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருந்தால், எண்ணெய் இறங்க இறங்கத் தொட்டியில் வெறுமை உண்டாகி ஒழுக்கு நின்றுபோம்; மூடியைத் தளர்த்தியவுடன் எஞ்சின் உயிர் பெறும். இங்கே பயனில்லை என்று கொள்வோம். அடுத்து, எஞ்சின் சுமையின்றி ஓடும்போது, கார்பரேட்டர் பொருந்தும் இடத்தில் தெளிப்பானால் சிறிதளவு தூய நீரை, பிளக்கிற் படாதவாறு, பனிபோல் தெளிக்க. கசிவு இருந்தால் நீர் உட்புகுந்து எஞ்சினின் ஓசை அக்கணமே மாறும். இப்பரீட்சைக்குப் பெட்ரோலைத் தெளிப்போரும் உண்டு. அது தீயை அழைத்து மடியில் வைத்துக்கொள்வதாகும். ஓசை மாறுகின்றது, ஆகவே குற்றம் காஸ்கட்டில். அதனை மாற்றி மரையாணிகளைச் சமமாக இறுக்கினால் காரியம் முடிந்தது. செலவு ஒரு காஸ்கட்டின் விலை.

மாறாக, சோக்கை மூடியும் பயனில்லாது எஞ்சின் சூடேறிய பின்னரே நின்றிருந்தால், நின்ற அக்கணத்தில், பிளக்கைக் கழற்றாமலே கம்பியில் பொறிச்சோதனைக் கருவியை இணைத்துப் பொறியை நோக்குதல் வேண்டும். குளிர்ந்தபின் நோக்கினால் பொறி இருக்கும். சூட்டில் மட்டும் அது மறைந்தால் பொறிச்சுருள் தளர்ந்தது என்று அறியலாம். நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கும்போதே நாடி பார்க்கவேண்டும் என்பது இங்கும் விதியாம்.

பரீட்சைகளின் வரிசையை மாணவர் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு பரீட்சையும் செலவற்றது; ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது; விடை ஆம், அன்று என்ற இரண்டில் ஒன்றாக முடிவது. இரண்டு உறுப்புக்களை ஒருங்கே மாற்றி எஞ்சின் சீரானால், எஞ்சின் ஓடும், அறிவு ஓடாது. அடுத்தமுறை அதே குறை தோன்றும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

நீதியும் காவலும்

பழுது பார்த்த எஞ்சின் பிணங்கியவுடன் உடையவர் பட்டறைக்காரரைத் தூற்றுவதும், பட்டறைக்காரர் உடையவரின் பழக்கத்தைக் குறைகூறுவதும் எங்கும் காணும் காட்சி. இருவருக்கும் இழப்பு உண்டு. ஒருவர் அன்றைய கூலியை இழக்கின்றார். மற்றவர் நெடுநாள் ஈட்டிய நற்பெயரை இழக்கின்றார். இவ்வழக்கைத் தீர்ப்பது குரலின் வலிமையன்று, பரீட்சையின் முடிவே. ஆகவே உடையவர் பட்டறைக்குச் செல்லும்போது குறையை வகையாகச் சொல்லுதல் வேண்டும்: குளிர்ந்தபோதா, சூடானபோதா, சுமையோடா, சுமையின்றியா, எத்தனை நிமிடம் ஓடியபின், புகையின் நிறம் யாது. பட்டறைக்காரரும் கழற்றிய உறுப்புக்களின் பெயரையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாற்றிய பழைய உறுப்புக்களை உடையவரிடம் திருப்பித் தருதல் நன்று. கம்பிகளையும் சுருள்களையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது, நினைவு தவறும் இடத்தில் பெருந்துணையாகும்.

உயிரைக் காக்கும் விதிகள் சிலவும் உண்டு. எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சில் ஏறியபின் மயக்கமே அதன் முதல் அறிவிப்பாக அமைவதுண்டு. ஆதலின் மண்டபத்துக்குள்ளேயோ கதவடைத்த அறையிலேயோ எஞ்சினைச் சோதித்தல் கூடவே கூடாது. பூத் தம் எஞ்சினைத் தெருவில் நிறுத்திக் குழாயை மட்டும் உள்ளே செலுத்திய முறை இன்றும் பின்பற்றத்தக்கது. சுழலும் பகுதியைத் தொடுமுன் பிளக்கின் கம்பியை விலக்குக. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றற்க. காவலுறையைக் கழற்றிய நிலையில் பெல்ட்டை ஓடவிடற்க. தொங்கும் துணியும் மேல்துண்டும் ஒரு நொடியில் கையை இழுத்துச் செல்லும்.

முடிவுரை

ஒரு நாள் வேலை முடிந்தபின் புளோயரிலுள்ள ஈரத்தைப் போக்கிச் சிறிது உயவெண்ணெய் செலுத்துவதும், வடிகட்டியைத் தட்டித் துப்புரவாக்குவதும், உயவெண்ணெயின் அளவைப் பார்ப்பதும் சில நிமிட வேலையே. இவற்றைச் செய்பவருக்குப் பட்டறை வாயிலை மிதிக்கும் நாள்கள் குறையும்.

நம் கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவர்கள், புத்தகத்திற் கண்ட அழுத்தமும் வெப்பமும் வேகமும் தம் ஊர்ப் பட்டறையில் எவ்வாறு உயிருடன் உலாவுகின்றன என்பதை விடுமுறை நாட்களிற் சென்று காண்பாராக. அங்கே வேலை செய்வோர் பலர் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் ஓசை கேட்டே குறையைச் சொல்லும் திறம் வாய்ந்தவர் அவருட் பலர் உளர். அவர்பால் கைத்திறத்தைக் கற்று, அவருக்கு அளக்கும் முறையையும் எழுதிவைக்கும் பழக்கத்தையும் கொடுத்தால், இரு சாராரும் பயனெய்துவர். ஆர்.கே.பேட்டையின் தறி வீட்டில் மின்சாரம் நின்ற இரவிலும் விளக்கு அணையாதிருப்பதும், மண்டபத்தைத் துப்புரவு செய்யச் சென்ற தொழிலாளி மாலையில் கூலியோடு வீடு திரும்புவதும், ஒரு சிறு காஸ்கட்டைச் சரியான முகமாக வைத்ததனால் ஆகலாம். அவ்வளவு சிறிய பொருளில் அவ்வளவு பெரிய பயன் அடங்கியிருத்தலை உணர்ந்தவர், எந்த வேலையையும் சிறிதென்று இகழார்.